எந்தத் தொப்பியில் இருந்தது?

பழைய ராணுவத் தொப்பி பேட்ஜ்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவருக்கு மூத்த சேகரிப்பாளர்கள் முதலில் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: அச்சில் அடித்திருந்தால் நம்பு, வார்த்திருந்தால் கீழே வை. பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகளைப் பொறுத்தவரை இந்தப் பாடம் பெரும்பாலும் பலிக்கும். பர்மிங்ஹாமிலும் லண்டனிலும் இருந்த தொழிற்கூடங்கள் எஃகு அச்சின் மேல் தகட்டை வைத்து, பாரமான சம்மட்டியை மேலிருந்து விழவிட்டு அவற்றை அடித்தன. மணல் அச்சில் பித்தளையை ஊற்றி எடுத்தது என்று தெரிந்தால், பின்னாளில் யாரோ அசலை வைத்து நகலெடுத்தது என்று ஒதுக்கிவிடலாம். முதல் உலகப் போரின் இம்பீரியல் கேமல் கோர் என்ற பேரரசு ஒட்டகப் படையிடம் வரும்போது இந்தப் பாடம் கைவிட்டுவிடுகிறது. அங்கே வார்த்ததே அசலாக இருக்கக்கூடும்.

ஏன் என்று புரிய, அந்தப் படை சேர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 1916 ஜனவரியில் எகிப்தில் அது உருவானது. மேற்குப் பாலைவனத்தில் செனூசி இயக்கத்தினர் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளம்பியிருந்தார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்ட முடியாத மணல்வெளியில் அவர்களைத் தொடர ஒட்டகம் தேவைப்பட்டது. கல்லிப்போலியிலிருந்து திரும்பியிருந்த ஆஸ்திரேலியக் காலாட்படைகளிலிருந்து முதல் ஆட்களை எடுத்தார்கள். ஆள் கேட்டபோது சில தளபதிகள், தங்களுக்குத் தலைவலியாக இருந்தவர்களை இதுதான் சாக்கென்று அனுப்பிவைத்தார்கள். பிறகு பிரிட்டனின் யோமன்ரி குதிரைப்படைகளிலிருந்தும் நியூசிலாந்தின் மவுண்டட் ரைஃபிள்ஸிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் எல்லோரையும் ஒரு பிரிகேடாக்கி, விக்டோரியா கிராஸ் பெற்ற கிளெமென்ட் லெஸ்லி ஸ்மித்திடம் ஒப்படைத்தார்கள். நான்கு பட்டாலியன்கள். ஒன்றும் மூன்றும் ஆஸ்திரேலியருடையவை, இரண்டாவது பிரிட்டிஷ், நான்காவதில் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் கலந்திருந்தார்கள். பீரங்கி இந்தியர் கையில் இருந்தது. ஹாங்காங்–சிங்கப்பூர் மலைப் பீரங்கிப் பிரிவின் சீக்கியர்களும் பஞ்சாபி முஸ்லிம்களும் கழற்றிய பீரங்கிகளை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு கூடவே போனார்கள். முழுப் பலத்தில் இந்த பிரிகேடுக்கு 4,150 ஆட்கள், 4,800 ஒட்டகங்கள்.

மக்தாபா, ரஃபா, காஸா, அம்மான் என்று சினாயிலும் பாலஸ்தீனத்திலும் யோர்தானுக்கு அப்பாலும் அவர்கள் போரிட்டார்கள். ஒட்டகம் களத்தின் ஓரம் வரை கொண்டுவிடும். அங்கிருந்து இறங்கி நடந்துபோய்த்தான் சண்டை. 1918இன் நடுவில், புல்லும் நீரும் கிடைக்கும் வடக்கு நோக்கிப் போர் நகர்ந்தபோது ஒட்டகத்தின் தேவை குறைந்துவிட்டது. ஆஸ்திரேலியர்களுக்குக் குதிரை கொடுத்து 14ஆம், 15ஆம் லைட் ஹார்ஸ் ரெஜிமென்ட்டுகளாக மாற்றினார்கள். எஞ்சிய பிரிட்டிஷ் வீரர்களில் ஒரு பிரிவு ராபின் பக்ஸ்டனின் தலைமையில் டி.ஈ. லாரன்ஸோடு சேர்ந்து, 1918 ஆகஸ்ட் 8 அன்று ஹிஜாஸ் ரயில் பாதையிலிருந்த முதவ்வரா நிலையத்தைப் பிடித்தது. அடுத்த ஆண்டு படையே கலைக்கப்பட்டது.

ஆக, மூன்றரை ஆண்டுகூட நிறையாத ஆயுள். நூற்றாண்டுகளாக நின்ற ரெஜிமென்ட்டுக்குச் சின்னம் ஒரு குலச்சொத்து. தலைமுறை தலைமுறையாக ஒரே உருவம், முத்திரையிட்ட மாதிரி, ஒப்பந்தக்காரர், கிடங்கு, கணக்குப் புத்தகம். ஒட்டகப் படைக்கு வந்தவனோ தன் பழைய படையின் சின்னத்தோடு வந்தான். ஆஸ்திரேலியன் தொப்பியில் உதயசூரியன். பிரிட்டிஷ் வீரன் தொப்பியில் அவனுடைய யோமன்ரியின் சின்னம். ஒட்டகம் பொறித்த சின்னம் ஆசைப்பட்டுச் செய்துகொண்டது. கெய்ரோவில் படைவீரர்களை நம்பிப் பிழைத்த பட்டறைகளில் அதைச் செய்யச்சொல்லி வாங்கினார்கள். பெரும்பாலும் ஒரு ஒட்டகம், அதன் மேல் ஒரு வீரன், கூடவே படையின் பெயரோ அதன் முதலெழுத்துகளோ. வீட்டுக்கு அனுப்பவும், காதலி சட்டையில் குத்திக்கொள்ளவும் ஊசி வைத்த சிறு வடிவங்களும் செய்யப்பட்டன.

இந்த ஆசை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மேலிடம் கொடுத்ததை அணிவது கட்டளை. ஒருவன் தன் சம்பளக் காசை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், நான் இந்தப் படையைச் சேர்ந்தவன் என்று சொல்லும் ஒரு பித்தளைத் துண்டைக் கேட்டு வாங்கினால், அந்தத் துண்டில் அவனுடைய மனம் இருக்கிறது. தளபதிகளுக்கு வேண்டாதவனாகி வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, அந்தச் சின்னத்தின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆனால் இதே காரணத்தால்தான் இன்றைக்கு அதன் உண்மையைச் சோதிப்பது கடினமாகிறது. தொழிற்கூடத்து பேட்ஜாக இருந்தால் வழி தெளிவு. பின்புறத்தைத் திருப்பினால் முன்புற உருவம் குழிவாகத் தெரியும். ஓரத்தையும் நடுவில் வரும் இடைவெளிகளையும் வெட்டுக்கருவி ஒரே அழுத்தில் நறுக்கியிருக்கும். லென்ஸில் பார்த்தால் அங்கே செங்குத்தான மெல்லிய கோடுகள் நிற்கும். பின்னணி வழுவழுப்பாக, புள்ளியில்லாமல் இருக்கும். தொப்பியில் மாட்ட, நீளமான தண்டாக வளைத்த ஸ்லைடரோ, செம்புக் கம்பியாலான இரண்டு லக் வளையங்களோ பின்னால் பற்றவைத்திருக்கும். 1916இலிருந்து உலோகச் சிக்கனத்துக்காக, இரண்டு உலோகங்களில் வந்துகொண்டிருந்த பல பேட்ஜ்களை முழுப் பித்தளையிலேயே அடித்தார்கள். இரண்டாம் போரில் பிளாஸ்டிக்கில்கூட வந்தன. ஆர்தர் கிப்ளிங்கும் ஹியூ கிங்கும் 1970களில் இரண்டு பாகங்களாகத் தொகுத்த பட்டியலின் எண்ணைச் சொன்னால் போதும், எந்த பேட்ஜைப் பற்றிப் பேசுகிறோம் என்று உலகின் எந்த மூலையிலிருக்கும் சேகரிப்பாளருக்கும் விளங்கிவிடும். இங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. பழைய எஃகு அச்சுகள் அழியாமல் கிடந்து, பல பத்தாண்டுகள் கழித்து மறுபடி அடிக்கப்பட்டிருக்கின்றன. அதே அச்சு, அதே உருவம், வேறு காலம். இருந்தாலும் தகட்டின் கனமும், பற்றவைப்பின் விதமும், தேய்மானம் இல்லாத புதுக்களையும் பழகிய கண்ணுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

கெய்ரோப் பட்டறையின் வேலை வேறு மாதிரி. மாதிரி உருவத்தை ஈரமணல் நிரப்பிய இரட்டைச் சட்டத்தில் பதிப்பார்கள். சட்டத்தைப் பிரித்து உருவத்தை எடுத்துவிட்டு, மறுபடி மூடி, உருக்கிய பித்தளையை ஊற்றுவார்கள். ஆறியதும் பிசிறை அரத்தால் ராவி, ஒட்டகத்தின் கண்ணையும் சேணத்தின் கோடுகளையும் சிற்றுளியால் கூர்மையாக்கி, பின்னால் கம்பியைப் பற்றவைப்பார்கள். மணலின் சொரசொரப்பு பின்னணியில் நிற்கும். சிறு காற்றுக் குழிகள் இருக்கும். ரெஜிமென்ட் பேட்ஜில் இவற்றைப் பார்த்தால் போலி என்று வைத்துவிடுவோம். இங்கே இவை அசலிலும் இருக்கும், நேற்று வார்த்ததிலும் இருக்கும்.

அளந்து பார்க்கலாமே என்று தோன்றும். பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்குவரை சுருங்கும். ஆகவே அசலையே மாதிரியாக வைத்து வார்த்த நகல் அதைவிடச் சிறியதாகிவிடும். நாற்பது மில்லிமீட்டர் பேட்ஜ் என்றால் முக்கால் மில்லிமீட்டர் வரை குறையும். காலிபரில் தெளிவாகத் தெரியும். ஆனால் எதோடு ஒப்பிடுவது? பட்டறைக்குப் பட்டறை மாதிரி வேறு. ஒரே பட்டறையிலும் ராவிய கை வேறு. நிலையான அளவு இல்லாத பொருளில் குறைந்த அளவைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டியது சுவடிப் பதிப்பு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடும் முன் பல ஏடுகளை ஒப்புநோக்கினார். ஏட்டை ஒப்புநோக்குகிறவர்களுக்குச் சரியான பாடம் தரும் தகவலைவிடப் பிழை தரும் தகவல் பெரிது. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து இறங்கியவை, அல்லது ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது. பேட்ஜிலும் இப்படியே. கையால் ராவிய ஒரு பொருளின் மேல் விழுந்த அரக்கோடு அந்த ஒரு பொருளுக்கே உரியது. தற்செயலாக விழுந்த கீறல் அடுத்த துண்டில் அதே இடத்தில், அதே சாய்வில் விழ முடியாது. இரண்டு ஒட்டக பேட்ஜ்களில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால், குறைந்தது ஒன்றாவது நகல். பல நேரம் இரண்டுமே. கோட்டின் முனையைப் பார்த்தால் அடுத்த சான்று கிடைக்கும். அரம் நேராக இழுத்த கோடு கூர்மையாக வெட்டியிருக்கும். வார்ப்பில் வந்த கோடு, மழையில் நனைந்த மண்சுவர் போல, விளிம்பு மழுங்கியிருக்கும். கையால் செய்த சின்னத்தைச் சோதிப்பவர் பத்துத் துண்டுகளின் படங்களையாவது பக்கத்தில் பரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். தனியாக ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அசல் என்றோ போலி என்றோ தீர்ப்புச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை, அவர் எவ்வளவு பழுத்த அனுபவசாலியாக இருந்தாலும்.

களிம்பைப் பற்றி நீண்டநேரம் பேசுவார்கள். நான் அதை அதிகம் பொருட்படுத்துவதில்லை. அமோனியா ஆவியில் ஓர் இரவு வைத்தாலே பித்தளை முதிர்ந்துவிடும். மண்ணில் புதைத்தும், கந்தகம் கலந்த கரைசலில் முக்கியும் வயதை ஏற்றுகிறார்கள். தேய்மானம் அதைவிட நேர்மையான சாட்சி. அணிந்தவன் அதை நாள்தோறும் துணியால் துலக்கியிருப்பான். அதனால் ஒட்டகத்தின் திமிலும் வீரனின் தோளும் முதலில் மழுங்கும், பள்ளங்கள் தப்பும். பள்ளத்தில் பாலிஷ் வெண்மையாக இறுகிக் கிடக்கும். பின்புறத்தை யாரும் துலக்க மாட்டார்கள். வளையத்தின் உள்பக்கம் மட்டும், பிளவு ஊசி உரசி உரசிப் பளபளத்திருக்கும். போலி செய்கிறவர்கள் முன்புறம், பின்புறம், மேடு, பள்ளம் என்று எல்லாவற்றையும் ஒன்றுபோலத் தேய்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு முதுமை தெரிகிறது, பயன்பாடு தெரிவதில்லை.

இப்போது எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் உலோகக் கலவையை அறிய முடிகிறது. செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு, ஈயம் கலந்திருக்கிறதா என்று சில நொடிகளில் சொல்லிவிடும். நவீன வார்ப்புக் கலவைகளில் சேர்க்கும் சிலிக்கான் போன்றவை தென்பட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கிறது. துத்தநாகம் வெளியேறிய பழைய தோலும் களிம்பும் எண்ணைக் குழப்பும். தவிர, பழைய பித்தளைப் பாத்திரத்தை உருக்கி நேற்று வார்த்தால் அது பழைய பித்தளை என்றுதான் காட்டும். ஒன்றை விலக்க அது உதவும், உறுதிப்படுத்த உதவாது.

உலோகம் சொல்லக்கூடியது இவ்வளவுதான் என்று நான் எண்ணுகிறேன். மிக நன்றாகப் பேசினால், நான் அந்தக் காலத்தில் அந்த மாதிரிப் பட்டறையில் பிறந்திருக்கலாம் என்று சொல்லும். யார் தலையில் இருந்தேன் என்று சொல்லாது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரனின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பேட்ஜில் பெயர் கிடையாது. அதற்குப் பெயர் வெளியிலிருந்துதான் வர வேண்டும்: ஒரு புகைப்படம், ஒரு கடிதம், ஒரு பணிப் பதிவேடு.

புகைப்படம் நாம் நினைப்பதைவிட வலுவான சான்று. கெய்ரோ ஸ்டுடியோக்களில் எடுத்த கண்ணாடித் தட்டுப் படங்கள் மிகக் கூர்மையானவை. பெரிதாக்கினால் தொப்பியில் இருப்பது சூரியனா ஒட்டகமா என்பது தெரியும், சில நேரம் ஒட்டகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுவரை தெரியும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துத் தட்டுகள் பல நீலத்துக்கு மிகவும் கூர்மையானவை, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மந்தமானவை. பித்தளை அதில் கறுத்து விழும். படத்தில் கறுத்திருக்கிறது, ஆகவே இது அதிகாரிகளுக்கான வெண்கலச் சின்னம் என்று எழுதிவைப்பது அவசர முடிவு.

பணிப் பதிவேடுகளில் நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. ஆஸ்திரேலிய வீரர்களின் முதல் போர்க் கோப்புகள் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுமையாக இருக்கின்றன. கணினியில் யாரும் படிக்கலாம். எந்தத் தேதியில் ஒட்டகப் படைக்கு மாறினான், எப்போது மருத்துவமனைக்குப் போனான், எப்போது லைட் ஹார்ஸில் சேர்ந்தான் என்று பக்கம் பக்கமாக வரும். பிரிட்டிஷ் வீரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு வீசியபோது, ஆவணக் கிடங்கு எரிந்து, முதல் உலகப் போரின் சாதாரண வீரர்களுடைய கோப்புகளில் பாதிக்கு மேல் சாம்பலாகின. அதனால் இரண்டாம் பட்டாலியன்காரன் ஒருவனுடைய பேட்ஜ் கிடைத்தால், அவன் குடும்பம் வைத்திருக்கும் கடிதமும் படமும்தான் பெரும்பாலும் கடைசி ஆதாரம்.

போலியைவிட எனக்கு அதிகக் கோபம் தருவது இங்கேதான் நடக்கிறது. ஒரு வீட்டில் முதியவர் இறந்ததும் தகரப் பெட்டி ஒன்று வெளியே வரும். அதில் பதக்கம், சம்பளப் புத்தகம், ஸ்டுடியோப் படம், தபால் அட்டைகள், ஒரு பேட்ஜ். வியாபாரி பெட்டியை மொத்தமாக வாங்கி, துண்டு துண்டாக விற்கிறார். பதக்கம் பதக்கம் சேர்ப்பவருக்கு, தபால்தலை தபால்தலை சேர்ப்பவருக்கு, பேட்ஜ் வேறொருவருக்கு. தனித்தனியாக விற்றால் லாபம் கூடுதல். போலியை ஒரு நாள் நல்ல கண் பிடித்துவிடும். பிரித்ததை யாராலும் சேர்க்க முடியாது. நேற்றுவரை ஒருவனுடையதாக இருந்த அசல் பேட்ஜ், இன்று போலியோடு ஒரே தட்டில் சந்தேகத்துக்குரியதாக நிற்கிறது. சந்தை தானே சான்றை அழித்துவிட்டு, பிறகு சான்றிதழ் கேட்கிறது. வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எனக்கு பேட்ஜ் மட்டும் போதும், மற்றது வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு சேகரிப்பாளரும் அந்தப் பெட்டியைப் பிரிக்கத் துணைபோகிறார். நகல்களைப் பற்றிச் சங்கங்கள் எவ்வளவோ எச்சரிக்கைகள் எழுதிவிட்டன. பெட்டியைப் பிரிக்காதே என்ற விதி அவற்றுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

இந்தப் படையைச் சேகரிக்கிறவர்கள் இந்தியர்களை மறந்துவிடுவதும் எனக்கு வருத்தம். லண்டனில் தேம்ஸ் கரைத் தோட்டத்தில், ஒட்டகத்தின் மேல் அமர்ந்த வீரனின் சிறு வெண்கலச் சிலை இருக்கிறது. அந்தப் படையிலேயே பணியாற்றிய சிற்பி செசில் பிரவுன் செய்தது. 1921 ஜூலையில் திறந்தார்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், நியூசிலாந்தினர் என்ற வரிசையில் இந்தியரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே பிகானேரின் கங்கா ரிசாலா எகிப்தில் ஒட்டகமேறி நின்றது. மகாராஜா கங்கா சிங்கின் அந்தப் படையின் சிறு ரோந்து ஒன்று 1914 நவம்பர் 20 அன்று சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே பீர்-எல்-நூஸ் அருகே தன்னைவிடப் பல மடங்கு பெரிய பெதூயின் கூட்டத்தோடு மோதி மீண்டது. அப்போது பேரரசு ஒட்டகப் படை என்ற பெயரே பிறக்கவில்லை. கங்கா ரிசாலாவின் மரபு சுதந்திரத்துக்குப் பின் கிரெனேடியர்ஸின் 13ஆம் பட்டாலியனாகத் தொடர்ந்தது. 1965 போரிலும் அவர்கள் ராஜஸ்தான் எல்லையில் ஒட்டகங்களோடு நின்றார்கள். ஒட்டகப் படைச் சின்னம் என்றதும் அகன்ற விளிம்புத் தொப்பியை மட்டும் நினைப்பது பாதி வரலாறு. தலைப்பாகை கட்டியவனும் அந்த மணலில் இருந்தான்.

அவர்களுக்கும் கீழே இன்னொரு பெருங்கூட்டம். அந்தப் போர் முழுக்க முன்னேறும் படைக்குத் தண்ணீரும் உணவும் குண்டும் சுமந்தது எகிப்திய ஒட்டகப் போக்குவரத்துப் பிரிவு. அதில் சுமார் 1,70,000 எகிப்திய ஒட்டகக்காரர்களும் 72,500 ஒட்டகங்களும் பணியாற்றியதாகக் கணக்கு. தகரப் பெட்டிகளில் தண்ணீரைக் கட்டிக்கொண்டு, ஒட்டகத்தின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி, பெரும்பாலும் நடந்தே போனவர்கள். வீரர்கள் வாயில் விழுந்த தண்ணீரில் எவ்வளவோ அவர்கள் கொண்டுபோனது. நாலாயிரம் பேர் கொண்ட பிரிகேடின் பித்தளைக்கு ஏலத்தில் கைகள் உயர்கின்றன. இந்த லட்சக்கணக்கானவர்களை நினைவூட்ட ஏலத்துக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு படையைச் சேகரிக்கிறேன் என்று சொல்பவர், அதன் தொப்பிச் சின்னத்தோடு இந்த ஒட்டகக்காரர்கள் நிற்கும் புகைப்படத்தையும் தேடி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அத்தகைய படங்கள் அன்றைய தபால் அட்டைகளிலும் வீரர்களின் ஆல்பங்களிலும் இருக்கின்றன. விலையும் அதிகமில்லை, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை.

கையில் இருக்கும் பேட்ஜுக்கு ஒரு அட்டை எழுதுவது எல்லாரும் செய்யக்கூடிய வேலை. அளவு, எடை, வார்ப்பா அடிப்பா, பின்புறப் பற்றவைப்பு எப்படி, எந்த ஆண்டு எந்த வழியாக வந்தது. கூடவே இரண்டு பத்திகள்: தெரிந்தது, ஊகித்தது. இரண்டையும் ஒரே மையில் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதியதால்தான் ஊகம் பத்தாண்டுகளில் வரலாறாகி, அடுத்த விற்பனையில் விலையாகிவிடுகிறது. என்னிடம் ஒரு ஒட்டக பேட்ஜ் இருக்கிறது. நகல் என்று தெரிந்தே, கண்ணைப் பழக்க வாங்கியது. நகல் என்ற சொல்லை அதன் பின்புறத்திலேயே சிற்றெழுத்தில் பொறித்துவைத்தேன், அட்டை தொலைந்தாலும் அது தொலையாது என்பதற்காக. பொருளைச் சேதப்படுத்திவிட்டாய் என்று நண்பர் ஒருவர் வருந்தினார். எனக்குப் பின் அது யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அதை அடுத்து வைத்திருப்பவரிடம் அது பொய் சொல்லக் கூடாது என்று நண்பருக்குப் பதில் சொன்னேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாக்குவாதம் எங்களுக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறது.